விளக்கம்: பிரெஞ்சு மன்னரின் கண்ணாடி ஸ்ரீபெரும்புதூர் வந்த கதை

ஒரே ஒரு கண்ணாடி வாங்க வயலை விற்பார்களா? செகிஞ்சானில் யாரிடமாவது இதைக் கேட்டுப் பாருங்கள், வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்பார்கள். ஆனால் 17ஆம் நூற்றாண்டு பிரான்சில் ஃபியெஸ்க் என்ற சீமாட்டி அப்படித்தான் செய்தார். அந்த நிலத்தில் கோதுமையைத் தவிர வேறு என்ன விளைந்தது என்பது அவருடைய நியாயம். நிலம் போனது, முகம் பார்க்கும் கண்ணாடி வந்தது.

அவ்வளவு விலைக்கு ஒரே காரணம், தெளிவான கண்ணாடி செய்யும் வித்தை வெனிஸ்காரர்கள் கையில் இருந்தது. வெனிஸ் பக்கத்தில் முரானோ என்று ஒரு தீவு. கண்ணாடித் தொழிலாளிகள் அங்கே மரியாதையாக வாழ்ந்தார்கள், ஆனால் வெளியேற முடியாது. வித்தையை வெளிநாட்டுக்குக் கொண்டு போனால் ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு ஆபத்து.

பிரான்சில் அப்போது மன்னர் 14ஆம் லூயி. அவருடைய நிதி அமைச்சர் கோல்பேருக்கு, நாட்டுப் பணம் கண்ணாடிக்காக வெனிசுக்குப் போவது பொறுக்கவில்லை. 1665இல் அரச ஆணையோடு பாரிசில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலை தொடங்கியது. இன்று உலகம் முழுக்கக் கடை விரித்திருக்கும் செயின்ட் கோபைன் நிறுவனத்தின் பிறப்பு அதுதான். ஆனால் வேலை தெரிந்த ஆள்? முரானோவிலிருந்து ரகசியமாக ஆசை காட்டி அழைத்து வந்தார்கள். இன்றைய பாஷையில் சொன்னால், போட்டி கம்பெனியின் ஆட்களைத் தூக்கிட்டாங்க.

வெனிஸ் சும்மா விடவில்லை. தூதர் மூலம் மிரட்டல் வந்தது, மன்னிப்பு தருகிறோம் திரும்பி வாருங்கள் என்று ஆசை வார்த்தையும் வந்தது. 1667இல் பாரிசில் இருந்த வெனிஸ் தொழிலாளிகளில் இருவர் அடுத்தடுத்து இறந்தார்கள். விஷம் வைத்திருப்பார்கள் என்று ஊரே பேசியது, நிரூபணம் ஆகவில்லை. மிச்சம் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிட்டார்கள். அதற்குள் பிரெஞ்சுக்காரர்கள் தொழிலைக் கற்றுக்கொண்டு விட்டார்கள்.

அதன் விளம்பரப் பலகைதான் வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபம். 1684இல் முடிந்தது. 17 வளைவுகள், 357 கண்ணாடிகள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஒவ்வொரு வளைவும் சின்னச் சின்னத் துண்டுகளை ஒட்டவைத்தது என்பது தெரியும். அப்போது கண்ணாடியை வாயால் ஊதி, குழாயாக்கி, வெட்டி விரிப்பார்கள். மனிதனின் மூச்சு எவ்வளவோ அவ்வளவுதான் கண்ணாடியின் அளவு. 1680களின் இறுதியில்தான், உருகிய கண்ணாடியை உலோக மேசையில் ஊற்றி, உருளையால் தேய்த்துப் பரப்பும் முறை வந்தது. சப்பாத்தி தேய்ப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுயரக் கண்ணாடி அதற்குப் பிறகுதான் சாத்தியமானது. தொழிற்சாலையும் 1690களில் பாரிசுக்கு வடக்கே காட்டுப் பக்கம், செயின்ட் கோபைன் என்ற கிராமத்துக்கு இடம் மாறியது. கம்பெனியின் பெயர் அந்தக் கிராமத்தின் பெயர்.

ரசம் போன கண்ணாடி

பழைய கண்ணாடியில் கறுப்புத் திட்டு விழுந்தால், பாட்டி என்ன சொல்வார்? ‘ரசம் போயிடுச்சு.’ அந்த ரசம் பாதரசம். வெள்ளீயத் தகட்டின் மேல் பாதரசத்தை ஊற்றி, அதன் மேல் கண்ணாடியை வைத்து அழுத்துவார்கள். அந்தக் கலவைதான் முகத்தைக் காட்டியது. அதன் ஆவியைத் தினமும் சுவாசித்தவர்களுக்குக் கை நடுங்கியது, ஈறு கெட்டது, பல் விழுந்தது. அரண்மனைக் கண்ணாடியைப் பற்றிப் பேசும்போது இந்தப் பக்கத்தை அதிகம் பேர் சொல்வதில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் பாதரசத்தின் இடத்தை வெள்ளி பிடித்தது. தமிழில் மட்டும் ரசம் இன்னும் போகவில்லை.

வெள்ளீயத்தை நம்மூரில் ஈயம் என்றே சொல்லிவிடுவோம். 1784இல் டச்சுக்காரர்கள் கோல சிலாங்கூர் கோட்டையைப் பிடித்து ஆல்திங்ஸ்பர்க் என்று பெயர் வைத்தார்களே, அவர்கள் இந்தக் கரையில் கண் வைத்ததற்கு ஈய வியாபாரம் ஒரு முக்கியக் காரணம். கண்ணாடித் தொழிலில் ஈயத்துக்கு இன்னொரு வேலையும் காத்திருந்தது.

1959இல் இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் ஒரு புது முறையை அறிவித்தது. உருகிய ஈயம் நிரம்பிய நீண்ட தொட்டி. அதன் மேல் உருகிய கண்ணாடி, தண்ணீர் மேல் எண்ணெய் போல மிதந்து பரவும். இரண்டு பக்கமும் வழவழப்பு, அரைக்கவும் மெருகேற்றவும் தேவையில்லை. இதுதான் ‘ஃப்ளோட்’ கண்ணாடி. 300 ஆண்டுப் பெருமை பேசிய செயின்ட் கோபைன் இதில் பின்தங்கியது. 1968 இறுதியில் பிஎஸ்என் என்ற சின்ன போட்டியாளர் அதை விலைக்கு வாங்கவே முயன்று தோற்றார். (அந்த பிஎஸ்என்தான் பிற்காலத்தில் டனோன். ஆமாம், தயிர் விற்கிறதே, அதேதான்.) பிறகு 1982இல் பிரெஞ்சு அரசு நிறுவனத்தை எடுத்துக்கொண்டது, 1986இல் மறுபடி தனியாரிடம் விட்டது. 1989இல் திறந்த லூவர் பிரமிடின் நிறமற்ற கண்ணாடியும் இவர்கள் செய்ததுதான்.

அப்புறம்தான் தமிழ்நாடு. ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரில் 2000ஆம் ஆண்டு செயின்ட் கோபைனின் ஃப்ளோட் ஆலை இயங்கத் தொடங்கியது. 2006இல் இரண்டாவது வரிசை வந்தது. சென்னை ஐஐடி ஆய்வுப் பூங்காவில் அதன் ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. ஒரு காலத்தில் வித்தையை வெளியே விட்டால் உயிர் போகும் என்றிருந்த தொழிலில், இன்று ஆராய்ச்சியே தமிழ்நாட்டில் நடக்கிறது.

சரி, சொகுசிலேயே நின்றவர்கள் என்ன ஆனார்கள்? பக்காரா என்ற பெயர் உங்களுக்கு வாசனைத் திரவியமாகத்தான் தெரிந்திருக்கும், அந்த ‘ரூஜ் 540’. அது 1764இல் 15ஆம் லூயியின் அனுமதியோடு தொடங்கிய கிரிஸ்டல் ஆலையின் 250ஆம் ஆண்டுக்காக உருவானது. கண்ணாடியில் ஈய ஆக்சைடு (இது காரீயம், நம்ம ஈயம் இல்லை) சேர்த்தால் கனமும் மினுமினுப்பும் கூடும், அதுதான் கிரிஸ்டல். ரஷ்ய ஜார் மன்னர் வரை வாடிக்கையாளர்கள். ஆனாலும் 2018இல் சீன முதலீட்டாளர் கைக்குப் போய், 2020இல் நீதிமன்ற நிர்வாகத்தின் கீழ் வந்து, கடைசியில் கடன் கொடுத்தவர்கள் வசமானது. அழகு என்று பார்த்தால் என் ஓட்டு பக்காராவுக்குத்தான். ஆனால் மன்னர்களை நம்பி நடத்தும் வியாபாரத்தில் மன்னர்கள் தீர்ந்துபோவார்கள்.

ஃப்ளோட் ஆலையின் உலையை நினைத்தபோது அணைக்க முடியாது. மணலை 1,500 டிகிரிக்கு மேல் உருக்கும் அந்த நெருப்பு, ஒருமுறை பற்ற வைத்தால் பத்துப் பதினைந்து ஆண்டு இரவு பகலாக எரியும். தீபாவளிக்கும் லீவு கிடையாது. அப்படி ஓர் ஆலையைப் பற்றிக் கேட்க ஸ்ரீபெரும்புதூர் வரை போக வேண்டியதில்லை. செகிஞ்சானிலிருந்து கோலாலம்பூர் போகும் வழியில் சுங்கை பூலோவிலும் கண்ணாடி ஆலை உண்டு. அது 2006இல் பில்கிங்டனையே வாங்கிய ஜப்பானின் என்எஸ்ஜி குழுமத்தைச் சேர்ந்தது.