பார்க்கின்சன் நோயில் நடையும் மருந்தும்

பார்க்கின்சன் நோயில் நடுமூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் அழிவதால் நடை பலவாறு கெடுகிறது. அடி குறுகும், பாதம் தரையில் தேயும், கைவீச்சு ஒடுங்கும். திரும்பும்போதோ வாசற்படியைத் தாண்டும்போதோ கால் தரையோடு ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிடும். இதை நடை உறைதல் என்பர். மருந்துக்கு இவை எல்லாம் ஒரே அளவில் இணங்குவதில்லை.

முதன்மை மருந்து லெவோடோபா. 1967இல் ஜார்ஜ் கோட்சியாஸ் அமெரிக்காவில் இதை உயர்ந்த அளவில் கொடுத்துப் பயன் கண்டார். மூளையை எட்டுமுன் அது சிதையாதிருக்க இன்று கார்பிடோபா போன்ற மருந்தைச் சேர்த்துத் தருகிறார்கள். மாத்திரை வேலைசெய்யும்போது அடி நீளும், வேகம் கூடும். ஆனால் அடிக்கு அடி மாறும் தாளம் அவ்வளவாகச் சீராவதில்லை. உடல் சமநிலையும் அப்படியே. விறைப்பு நன்றாகத் தளர்ந்த பிறகும் விழுகிறவர்கள் உண்டு. சமநிலையில் அசிட்டைல்கோலின் சுரக்கும் நரம்பணுக்களுக்கும் பங்கிருப்பது இதற்கொரு காரணம்.

நடை உறைதலில்தான் சிக்கல் அதிகம். பெரும்பாலும் மாத்திரையின் பலன் தேய்ந்த நேரத்தில் வரும். மருந்தைக் கூட்டினாலோ இடைவெளியைக் குறைத்தாலோ குறையும். சிலருக்கோ மருந்து உச்சத்தில் இருக்கும்போதே கால் உறையும். அங்கே கூட்டுவது தீங்காகலாம். எனவே கால் எத்தனை முறை நின்றது என்பதைவிட, மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழித்து நின்றது என்பதே மருத்துவருக்குப் பயன்படும் தகவல். உணவைப் பற்றியும் கேட்க வேண்டும்: புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்கள் லெவோடோபாவோடு போட்டியிட்டு அது உட்செல்வதைக் குறைக்கும், இரும்புச்சத்து மாத்திரையும் குறைக்கும்.

டோபமைனைப் போலச் செயல்படும் பிரமிபெக்சோல் என்ற மருந்தை முதலில் தொடங்கியவர்களுக்கு லெவோடோபாவில் தொடங்கியவர்களைவிட நடை உறைதல் கூடுதலாக இருந்ததாக ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. அசிட்டைல்கோலின் சிதைவதைத் தடுக்கும் ரிவாஸ்டிக்மின் என்ற மருந்து அடிநேர ஏற்றத்தாழ்வைக் குறைப்பதாக 2016இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு கூறியது. குமட்டல் அதன் விலை.

நடையைக் கெடுக்கும் மருந்துகளும் உண்டு. வாந்திக்கான மெட்டோகுளோப்ரமைடு, தலைசுற்றலுக்கான சின்னரிசின், மனநோய்க்கான ஹாலோபெரிடால் ஆகியவை டோபமைனின் செயலைத் தடுப்பவை. நோய் இல்லாதவருக்கே இதே நடையை உண்டாக்கக்கூடியவை. பார்க்கின்சன் மருந்துகளே எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தி விழச்செய்யலாம். நாட்டு மருந்தாகப் புழங்கும் பூனைக்காலி விதையிலும் லெவோடோபா இருக்கிறது. மாத்திரையோடு அதையும் சேர்த்து உண்பவருக்கு மொத்த அளவு எவ்வளவென்று மருத்துவரால் கணிக்க இயலாது.