ஊர் சுற்றும் கூடாரமும் ஐந்து லட்சம் டாலர் பாலிசியும்

ஊர் ஊராகப் போய்த் தொழில் நடத்துபவரால் பிறருக்குத் தீங்கு நேர்ந்தால் ஈடு கொடுப்பது யார் என்ற கேள்வி, அமெரிக்க சர்க்கஸ் வரலாற்றில் நெடுங்காலம் விடையின்றிக் கிடந்தது. கடைக்காரருக்கு முகவரி உண்டு. வழக்குப் போட்டால் சம்மன் போய்ச் சேரும். சர்க்கஸோ காலையில் கூடாரம் அடித்து, இரவே பிரித்து, ரயிலேறி, விடியும்போது வேறொரு ஊரில் இருக்கும். அடிபட்டவர் வக்கீலைப் பார்ப்பதற்குள் மைதானம் வெறிச்சோடிவிடும். ரயில் கிளம்புமுன் சர்க்கஸின் சாமான்களை ஜப்தி செய்ய நீதிமன்ற உத்தரவு வாங்குவதே கைக்கெட்டிய வழியாக இருந்தது.

இந்த ஆபத்தை முதலில் புரிந்துகொண்டு ஒதுங்கியவை ரயில் கம்பெனிகள். சர்க்கஸ் ரயிலைப் பொதுப் போக்குவரத்தாக ஏற்காமல் தனி ஒப்பந்தத்தின் பேரில் இழுத்தன. விபத்து நடந்தால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று அதிலேயே எழுதி வாங்கிக்கொண்டன. இத்தகைய ஒப்பந்தம் செல்லும் என்று 1895இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. சர்க்கஸ் ரயிலில் எவ்வளவு ஆபத்து இருந்தது என்பது பிறகு தெரிந்தது: 1918 ஜூன் 22 அதிகாலை, இண்டியானா மாநிலத்தின் ஹாமண்ட் அருகே நின்றிருந்த ஹேகன்பெக்-வாலஸ் சர்க்கஸ் ரயில்மீது காலி ரயில் ஒன்று மோதி 86 பேர் இறந்தனர். மோதிய ரயிலின் ஓட்டுநர் தூங்கிப்போயிருந்தார்.

ரயில் கம்பெனிகள் ஒதுங்கிவிட்ட நிலையில் சர்க்கஸுக்கு எஞ்சிய வழி காப்பீடு. ஆனால் பிறருக்கு நேரும் தீங்குக்கு ஈடு கொடுக்கும் பொறுப்புக் காப்பீடு என்ற வகையே அப்போது இளையது. 1880இல் இங்கிலாந்தில் முதலாளியின் பொறுப்பைப் பற்றிய சட்டம் வந்ததையொட்டித் தொழிலாளர் விபத்துகளுக்காக அது வளர்ந்தது. பொதுமக்களுக்கு நேரும் தீங்கை ஈடுகட்டும் பாலிசிகள் பிறகு பரவின. ஆலையை இன்ஸ்பெக்டர் ஒருமுறை சுற்றிப் பார்த்தால் பிரீமியம் போட்டுவிடலாம். கூடாரத்துக்கு அப்படி முடியாது. தினமும் புது மைதானம், புதுக் காற்று, புதுக் கூட்டம். ஒரு மாலைக் காட்சிக்குள் எத்தனை உயிர்கள் அடங்கியிருக்கின்றன என்பதை அளவாக வைத்தே தொகையை முடிவு செய்திருக்க வேண்டும். அப்படிச் செய்யாததன் விலை கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்டில் தெரிந்தது.

அது காப்பீட்டின் தலைநகரம் என்றே பெயர் பெற்ற ஊர். டிராவலர்ஸ், ஏட்னா போன்ற பெரிய கம்பெனிகள் அங்கேதான் இருந்தன. 1944 ஜூலை 6 பிற்பகல், அந்த ஊரின் பார்பர் தெருவில் ரிங்லிங் சகோதரர்கள், பார்னம் & பெய்லி சர்க்கஸின் பெரிய கூடாரத்தில் சுமார் 7,000 பேர் இருந்தனர். போர்க்காலமாதலால் ஆண்கள் குறைவு. பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. மழைநீர் புகாதிருக்கக் கூடாரத் துணிக்குப் பெட்ரோலில் கரைத்த பாரஃபின் மெழுகு பூசப்பட்டிருந்தது. காட்சி தொடங்கிச் சுமார் இருபது நிமிடத்தில் பக்கத் துணியில் தீ தெரிந்தது. மெழுகு எரிந்தபடியே கீழே ஒழுகியது. சிங்கம், சிறுத்தைகளை அரங்குக்குக் கொண்டுவரும் கம்பிக்கூண்டுப் பாதை வெளியேறும் வழியை மறித்துக் கிடந்தது. அதைத் தாண்டமுடியாமல் அதனருகிலேயே பலர் மடிந்தனர். சுமார் பத்து நிமிடத்துக்குள் கூடாரம் சரிந்துவிட்டது. 160க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

சர்க்கஸிடம் இருந்த பொறுப்புக் காப்பீடு 5 லட்சம் டாலர். கூடாரத்தில் இருந்தவர்களின் தலைக்கு வகுத்தால் எழுபது டாலர் சொச்சம். இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1942 ஆகஸ்டில், கிளீவ்லாந்தில் இதே சர்க்கஸின் விலங்குக் கூடாரம் எரிந்து பல விலங்குகள் மாண்டிருந்தன. அந்த எச்சரிக்கைக்குப் பின்னும் தொகை இவ்வளவுதான் என்பது மன்னிக்கத்தக்கதல்ல.

வழக்கமான வழியில் போயிருந்தால் முதலில் தீர்ப்பு வாங்கியவர்கள் இருந்ததை அள்ளிக்கொண்டிருப்பார்கள்; ரயில் பெட்டிகளும் யானைகளும் ஏலத்துக்குப் போயிருக்கும்; மற்றவர்களுக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஹார்ட்ஃபர்ட் வக்கீல்கள் வேறு வழி கண்டார்கள். சர்க்கஸ் தன் பொறுப்பை மறுக்காமல் ஏற்பது, பாதிக்கப்பட்டவர்கள் தனித்தனியே வழக்காடாமல் நடுவர் குழுவின் முடிவுக்குக் கட்டுப்படுவது என்று ஒப்பந்தமாயிற்று. எட்வர்ட் ரோகின் என்ற வக்கீலை நீதிமன்றம் ரிசீவராக, அதாவது சொத்தையும் வருமானத்தையும் கண்காணிக்கும் பொறுப்பாளராக, நியமித்தது. சர்க்கஸ் தொடர்ந்து ஓடிச் சம்பாதித்தால்தான் இழப்பீடு கிடைக்கும் என்பது இந்த ஏற்பாட்டின் அடிப்படை. 1944 ஆகஸ்டிலேயே ஓஹையோவின் ஆக்ரன் நகரத்து விளையாட்டரங்கில், கூரையில்லாமல், காட்சி மீண்டும் தொடங்கியது. தீ விபத்து தொடர்பான குற்ற வழக்கில் சர்க்கஸின் துணைத் தலைவர் ஜேம்ஸ் ஹேலி உள்ளிட்ட சிலர் சிறை சென்றார்கள்.

ஐந்நூறுக்கும் மேற்பட்டோருக்குப் பல ஆண்டுகளில் தவணை தவணையாகப் பணம் போய்ச் சேர்ந்தது. மொத்தத் தொகை பாலிசியைப் போல ஏழு மடங்குக்கும் மேல். காப்பீட்டுத் தொகை போக எஞ்சியதெல்லாம் சர்க்கஸின் வருமானத்திலிருந்தே வந்தது. பாலிசி செய்திருக்க வேண்டிய வேலையை டிக்கெட் விற்ற காசு செய்தது. இழப்பீட்டு ஏற்பாடாக அது போற்றத்தக்கதே. ஆனால் மறுபடி ஒரு தீயோ, மக்கள் வராத இரண்டு பருவங்களோ நேர்ந்திருந்தால், அந்தக் குடும்பங்களுக்கு வேறு புகலிடம் இருந்திராது.

செலவு பெருகி, தொழிலாளர் தகராறும் சேரவே, 1956 ஜூலை 16 அன்று பிட்ஸ்பர்கில் ரிங்லிங் சர்க்கஸ் கூடாரக் காட்சிகளை நிறுத்திக்கொண்டது. அதன்பின் அது நிலையான கட்டட அரங்குகளுக்கு மாறியது.