படைக்கணக்கில் இருந்தவளும் இல்லாதவளும்: பூந்தமல்லி முகாமும் வீரர் குடும்பங்களின் பயண உரிமையும்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியை அடுத்து மேற்கே அமைந்துள்ளது நசரத்பேட்டை. இன்று சரக்குந்துகள் ஓயாது செல்லும் இச்சாலை, இருப்புப்பாதை வருவதற்கு முன் படைகள் நடந்து சென்ற வழியாகும். துறைமுகம் இல்லாத சென்னையில் மசூலாப் படகுகளில் கரையிறங்கிய பிரித்தானிய வீரர்கள் பூந்தமல்லி முகாமில் தங்கவைக்கப்பட்டு, அங்கிருந்து உள்நாட்டு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர். நோயுற்ற வீரர்கள் உடல்தேறும் இடமாகவும் அம்முகாம் விளங்கியது. முகாமைப் பற்றிய செய்திகளில் வீரருக்குக் கிடைக்கும் இடம் அவர்தம் குடும்பத்தாருக்குக் கிடைப்பதில்லை. அப்பெண்களும் பிள்ளைகளும் எந்த உரிமையின்பேரில் கடல் கடந்தனர், எந்த விதியால் கரையிலேயே நிறுத்தப்பட்டனர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஊக்கமும் தடையும்

கலப்பு மணத்தைக் கும்பினி தொடக்கத்தில் வெறுக்கவில்லை. 1687 ஏப்ரலில் இலண்டன் இயக்குநர்கள் புனித ஜார்ஜ் கோட்டைக்கு எழுதிய கடிதம், வீரர்கள் உள்நாட்டுப் பெண்களை மணப்பதை ஊக்குவிக்கிறது. பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் அளிக்கும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் வழங்கலாம் என்றும் கூறுகிறது. இது கருணையால் எழுந்த ஏற்பாடன்று. வீரர்கள் போர்த்துக்கீசியக் கத்தோலிக்கக் குடும்பங்களில் மணம் செய்வதும், அவர்தம் பிள்ளைகள் கத்தோலிக்கராக வளர்வதும் கும்பினிக்கு உவப்பாக இல்லை.

நூறாண்டுகளுக்குப் பின் நிலைமை தலைகீழானது. 1786இல், கல்கத்தா மேல்நிலை அநாதைப் பள்ளியில் பயின்ற, இந்தியத் தாய்மார்க்குப் பிறந்த அதிகாரிகளின் பிள்ளைகள் கல்விக்காக இங்கிலாந்து செல்வது தடுக்கப்பட்டது. 1791இல் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர்க்குக் கும்பினியின் குடிமை, படை, கடற்பணிகள் மூடப்பட்டன. 1795இல் அவர்கள் படையில் குழலூதுவோர், முரசறைவோர், இலாடம் கட்டுவோர் போன்ற பணிகளுக்கு மட்டுமே உரியோராயினர். குடியேற்றச் சட்டம் என்ற பெயரில் எதுவும் இல்லாத காலத்தில் குடியேற்றக் கட்டுப்பாடு இவ்வாறே நடைமுறைக்கு வந்தது.

சென்னையில் 1787இல் பெண்பிள்ளைகளுக்கும் 1789இல் ஆண்பிள்ளைகளுக்கும் படைவீரர் அநாதை இல்லங்கள் தொடங்கப்பட்டன. ஆண்பிள்ளைகள் இல்லத்தில் ஆண்ட்ரூ பெல் வகுத்த, மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் முறை ‘சென்னை முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்தில் பரவியது. முறை எளிதாகக் கப்பலேறியது. அதைக் கற்ற சிறுவர்க்கு அவ்வழி அத்துணை எளிதாக இல்லை.

படைக்கணக்கு

1833ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம் தளர்த்தும்வரை, பிரித்தானியத் தனியாள் ஒருவர் இந்தியாவில் தங்கக் கும்பினியின் இசைவு வேண்டும். வீரரின் மனைவிக்கோ படைப்பிரிவின் பட்டியலே இசைவுச் சீட்டாக அமைந்தது. மேலதிகாரியின் அனுமதியுடன் மணந்தவளே படைக்கணக்கில் சேர்க்கப்படுவாள். கப்பல் இடமும் உணவுப்படியும் இருப்பிடமும் அவளுக்கே உரியன. அப்பட்டியலுக்கும் வரம்பு இருந்தது. அயல்நாட்டுப் பணிக்குப் பொதுவாக நூறு வீரர்க்கு ஆறு பெண்கள் என்றும், இந்தியாவுக்குப் பன்னிரண்டு பேர் என்றும் கணக்கிடப்பட்டது. எஞ்சியோருள் யார் செல்வது என்பது கப்பலேறும் முன் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கப்பட்டது. ‘செல்லாதே’ என்ற சீட்டை எடுத்தவளின் மணவாழ்வு பெரும்பாலும் அத்துறைமுகத்திலேயே முடிந்தது.

இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மனைவியின் நிலையும் கணவனின் உயிரைச் சார்ந்தே இருந்தது. வீரர் இறந்தால் சில மாதங்களில் படி நின்றுவிடும். கைம்பெண்கள் விரைவில் அதே படைப்பிரிவில் மறுமணம் செய்துகொண்டதைப் பண்பற்ற செயலாக எழுதிய சமகாலத்தவர் உண்டு. அவர்கள் உணவுப்படியின் கணக்கைப் பார்க்கவில்லை எனலாம்.

இந்தியாவில் பிறந்த மனைவியரின் நிலை வேறு. ஐரோப்பிய மனைவிக்கு முழுப்படி, கலப்பின மனைவிக்கு அதனினும் குறைவு, இந்தியப் பெண்ணுக்கு ஏதுமில்லை என்ற படிநிலை நிலவியது. படைப்பிரிவு தாயகம் திரும்பும்போது இந்திய மனைவிக்கு அரசுச் செலவில் கப்பலிடம் பொதுவாகக் கிடைப்பதில்லை. ஆயினும் வீரருக்கு ஒரு வழி இருந்தது: இந்தியாவில் தொடரும் வேறொரு படைப்பிரிவுக்குத் தாமாக மாறிக்கொள்ளலாம்; அதற்கு ஊக்கத்தொகையும் உண்டு. இவ்வாறு மாறியோரை மதுவிலும் மலிவான வாழ்விலும் பற்றுடையோர் என்று அதிகாரிகள் குறைகூறினர். மனைவி மக்களைக் கைவிட மனமின்றித் தாய்நாட்டைத் துறந்தவரும் அவர்களுள் இருந்தனர். படைப்பதிவேட்டில் அம்முடிவு ஒரு பிரிவிலிருந்து மற்றொன்றுக்கு ஒரு பெயர் மாறிய செய்தியாக மட்டுமே நிற்கிறது.

1860களின் பிற்பகுதியில் அரசின் படைக்கப்பல்கள் பம்பாய்க்கு வரத்தொடங்கின. தியோலாலி முகாம் வீரர் தங்குமிடமாயிற்று. படையின் நுழைவாயிலாகப் பூந்தமல்லி பெற்றிருந்த இடம் சுருங்கியது.

பதிவேட்டின் மறுவாழ்வு

1947க்குப் பின் இக்குடும்பங்களின் வழித்தோன்றல்கள் பலர் பிரித்தானியா செல்ல விழைந்தபோது பழைய ஏடுகள் மீண்டும் உயிர்பெற்றன. 1948ஆம் ஆண்டின் பிரித்தானியக் குடியுரிமைச் சட்டம், ஆண்வழி மூதாதை ஒருவர் பிரித்தானியாவில் பிறந்தவராக இருப்பின், சில நிபந்தனைகளுடன் குடியுரிமைப் பதிவுக்கு இடமளித்தது. 1971ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் 1973 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தபின், பெற்றோர் பிறந்த நாடே வசிப்புரிமையின் அளவுகோலாயிற்று. அதையொட்டிய விதிகள் பாட்டன், பாட்டி பிறந்த நாட்டையும் கருத்திற்கொண்டன. சென்னை மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகள் கும்பினிக் காலந்தொட்டே இலண்டனுக்கு அனுப்பப்பட்டு வந்தன. ஆன்மாவின் பொருட்டு எழுதப்பட்ட பதிவு கடவுச்சீட்டின் பொருட்டுத் தேடப்பட்டது.

இங்கு ஒரு முரண் கவனத்திற்குரியது. 1786இல் பிள்ளையைத் தடுத்தது தாயின் பிறப்பு. 1948இல் வழித்தோன்றலுக்கு வழிவிட்டது தந்தைவழி. இரு நிலைகளிலும் தாய் உரிமையுடையவளாக எண்ணப்படவில்லை. பதிவேட்டின் அமைப்பே இதற்குச் சான்று. தந்தையின் முழுப்பெயர், பதவி, படைப்பிரிவு ஆகியன குறிக்கப்பட, இந்தியத் தாய் பல இடங்களில் ஞானஸ்நானப் பெயர் ஒன்றால் மட்டுமே சுட்டப்படுகிறாள். சிலவிடங்களில் அதுவும் இல்லை. படைப்பிரிவின் பெயரைக் கொண்டு வீரர் பிறந்த ஸ்காட்லாந்துச் சிற்றூரையும் கண்டறிய இயலும். தாயின் ஊர் முகாமிலிருந்து நடந்து சென்றடையும் தொலைவில், நசரத்பேட்டையைப் போன்றதோர் ஊராக இருந்திருப்பினும் அந்த ஏட்டில் அதற்குரிய கட்டம் இல்லை. கொள்ளுப்பேரனின் விண்ணப்பமும் அவ்வூரின் பெயரைக் கேட்கவில்லை.