மாட்டுத் தரகிலிருந்து மனைத் தரகு வரை

தர்மபுரி மாவட்டத்தில் நல்லம்பள்ளிப் பக்கம் நிலம் தேடி வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “சென்ட் என்ன விலை போகுது?” அடுத்தது, “பத்திரம் கிளியரா?” முதல் கேள்விக்கு டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் எவரும் பதில் சொல்லிவிடுவார். இரண்டாவதற்குப் பதில் சொல்ல இந்த மண்ணின் இருநூறு வருடக் கதை தெரிந்திருக்க வேண்டும். தரகனின் வேலை அங்கேதான் தொடங்குகிறது என்பது என் கட்சி. ஆளைக் காட்டி விடுவதும் விலை பேசுவதும் அதற்குப் பிறகுதான்.

1792-ல் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் இந்தப் பகுதி அடங்கிய பாரமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீடு கலெக்டராக வந்தார். அவருக்குக் கீழே உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோ 1799 வரை இந்தச் சீமையில் வேலை பார்த்தார். தர்மபுரியில் குடியிருந்து தோட்டம்கூடப் போட்டார். இங்கே ஊர் ஊராக நிலத்தை அளந்து, இது இன்னாருடைய கொல்லை, இதற்கு இவ்வளவு வரி என்று எழுதினார்கள். பின்னாளில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் பரவிய ரயத்துவாரி முறைக்குப் பாரமகால்தான் நாற்றங்கால்.

அந்தக் காலத்தில் இங்கே நிலத்தரகன் என்று ஒருவன் பிழைத்திருக்க முடியாது. மைசூர்ப் போர்களில் படைகள் போய்வந்த பூமி இது. நிலத்துக்குப் பஞ்சமில்லை, உழுவதற்கு ஆளும் மாடும்தான் அருமை. விளைச்சலில் பெரும்பங்கை வரியே கொண்டுபோகும்போது, அந்தக் கொல்லையை எவன் காசு கொடுத்து வாங்குவான்? மன்றோ இதைப் புரிந்துகொண்டவர். கடப்பை, பெல்லாரிப் பக்கம் போன பிறகு 1807-ல் அவர் அனுப்பிய அறிக்கையில், வரியில் நூற்றுக்கு 25 குறைத்தால்தான் நிலம் குடியானவன் விற்கவும் வாங்கவும் கூடிய சொத்தாகும் என்று வாதாடினார். வெள்ளைக்காரர் வரி வசூலில் நமக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனாலும் நிலத்தின் விலையைப் பற்றி இவ்வளவு தெளிவாக எழுதியவர் அந்தக் காலத்தில் குறைவு என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

வரி இறங்கி, பட்டா நிலைத்து, 1882-ல் சொத்து மாற்றுச் சட்டமும் 1908-ல் இப்போதுள்ள பதிவுச் சட்டமும் வந்த பிறகு, நிலம் கைமாறுவதற்கு ஒரு பாதை கிடைத்தது. நூறு ரூபாயோ அதற்கு மேலோ பெறுமான நிலம் என்றால் பதிவு செய்தே விற்க வேண்டும். 1923-ன் சர்வே, எல்லைச் சட்டம் மூலைக்கல்லுக்கு அதிகாரம் கொடுத்தது. கல்லைப் பிடுங்கிப் போட்டாலும் புல வரைபடத்தில் அளவு இருக்கிறது. சங்கிலியைப் பிடித்தால் கல் இருந்த இடம் தெரிந்துவிடும்.

என் அப்பா மாட்டுத் தரகர். நல்லம்பள்ளிச் சந்தை, காரிமங்கலம் சந்தை இரண்டிலும் அவருக்கு ஆள் பழக்கம் உண்டு. தோள் துண்டை எதிராளியின் கைமேல் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அந்தச் சந்தையிலேயே நிலப் பேச்சும் நடக்கும். மாடு வாங்க வந்தவர், “ஏண்ணா, உங்க ஊர்ல கிணத்தோட ஒரு ரெண்டு ஏக்கரா வருமா?” என்று விசாரிப்பார். மகள் கல்யாணத்துக்கோ, போர் போட்டுத் தண்ணீர் வராமல் கடனாளியானதாலோ எவரோ ஒருவர் விற்க இருப்பார். அப்பா இருவரையும் சேர்த்துவைப்பார். கூலி என்று கணக்கு கிடையாது. கிரயம் முடிந்த அன்று வாங்கியவர் வேட்டி துண்டும் கொஞ்சம் பணமும் வைத்துக் கொடுப்பார், அவ்வளவுதான். இரண்டு பர்சன்ட் என்கிற பேச்சு ரோடு பெரிதான பிறகு வந்தது.

அன்றைய நிலப் பேச்சில் பொய்க்கு இடம் குறைவு என்று நான் சொல்வதற்குக் காரணம், வாங்குகிறவரும் விற்கிறவரும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் என்பதுதான். எந்தக் கிணற்றில் யாருக்கு எந்த முறை, எந்த வரப்பில் யார் நடப்பார் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். இன்றைக்கு வாங்க வருகிறவர் பெங்களூரில் மென்பொருள் கம்பெனியில் இருக்கிறார், அல்லது சேலத்தில் கடை வைத்திருக்கிறார். அவருக்குத் தெரியாத அத்தனையையும் காகிதம்தான் சொல்ல வேண்டும், அல்லது நான் சொல்ல வேண்டும்.

பழைய கிரயப் பத்திரம் ஒன்றை எடுத்துப் படிப்பது எனக்குப் பிடித்த வேலை. ஆட்களின் பெயரும் தொகையும் முடிந்ததும் கடைசியில் சொத்து விவரம் வரும். அதில்தான் உயிர் இருக்கிறது. சர்வே எண், புஞ்சை ஏக்கர் இவ்வளவு, தீர்வை ரூபாய் இவ்வளவு, இதற்குச் செக்குபந்தி என்று போட்டு, வடக்கே இன்னார் நிலம், கிழக்கே ஓடை, தெற்கே வண்டிப்பாதை, மேற்கே பாகஸ்தர் நிலம் என்று நான்கு திசையும் எழுதியிருக்கும். அடுத்த வரியில், கிணற்றில் நாலில் ஒரு பாகமும், அதிலுள்ள மோட்டாரும் மின் இணைப்பும், ஏற்றம் இறைத்த காலத்து வாய்க்கால் உரிமையும், மாமூல் வழிநடை வண்டித்தடப் பாத்தியமும் சேர்ந்தது என்று வரும். அந்தக் கடைசித் தொடர் இல்லாத பத்திரம் என்றால் நான் உடனே எழுந்து நிலத்துக்குப் போய்விடுவேன். ரோட்டிலிருந்து அந்த நிலத்துக்குள் ஒரு டிராக்டர் நுழைய வழி இருக்கிறதா, அந்த வழி பட்டாவில் இருக்கிறதா, அல்லது பக்கத்து நிலத்துக்காரரின் நல்ல மனதில் மட்டும் இருக்கிறதா என்று பார்ப்பேன். வழித்தகராறில் சிக்கி வருடக்கணக்கில் தரிசாகக் கிடக்கும் நல்ல செம்மண் நிலங்களை இந்த வட்டாரத்தில் எங்கும் பார்க்கலாம்.

அடுத்த கேள்வி அக்கா தங்கைகளைப் பற்றியது. நில உரிமையாளர்கள் என்மேல் அதிகம் கோபப்படுவது இதற்குத்தான். “கட்டிக்கொடுத்து இருபது வருசம் ஆச்சுங்க. சீர் செஞ்சாச்சு, நகை போட்டாச்சு. அதோட கையெழுத்து எதுக்கு?” 1989 மார்ச் 25-ல் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, அன்றைக்குக் கல்யாணமாகாத பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் ஆணுக்குச் சமமான பங்கு கொடுத்தது. 2005-ல் மத்திய அரசின் திருத்தம், கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்ற வேறுபாட்டையும் எடுத்துவிட்டது. திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்ற குழப்பத்தையும் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் தீர்த்துவைத்தது. பிறப்பால் வந்த உரிமை அது. சகோதரியைக் கூப்பிடாமல் செய்யும் கிரயத்தில் நான் நிற்பதில்லை. சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. களையெடுத்தும் தண்ணீர் கட்டியும் அந்த மண்ணில் உழைத்த பெண்ணுக்கு விற்கிற அன்றைக்குப் பங்கு இல்லை என்பது அநியாயம்.

யுடிஆர் என்ற மூன்றெழுத்து இல்லாமல் எங்கள் தொழில் பேச்சு நடக்காது. 1979-ல் தொடங்கி 1980களின் பிற்பகுதி வரை நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் இந்தத் திட்டம் தமிழ்நாடெங்கும் நடந்தது. நோக்கம் நல்லது. அடங்கலும் சிட்டாவும் பழைய பெயர்களிலேயே கிடந்தன. அவற்றை அனுபவத்தில் உள்ளவர் பெயருக்கு மாற்றி, ஏக்கர் சென்டை ஹெக்டேர் ஏர்ஸ் ஆக்கினார்கள். அவசரத்தில் எழுதியதில் பிழைகள் நுழைந்துவிட்டன. அண்ணன் தம்பி மூவரில் வீட்டில் இருந்த ஒருவர் பெயர் மட்டும் ஏறியது. வேலைக்கு வெளியூர் போயிருந்தவர் பெயர் விடுபட்டது. பத்திரத்தில் ஒரு ஏக்கர் என்றால் பட்டாவில் 0.40.50 என்று இருக்க வேண்டும். அங்கே 0.36 என்று இருந்தால் பதினோரு சென்ட் எங்கே போனது என்று தேட வேண்டும். கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் என்று மனுப் போட்டு அலைந்து திருத்த வேண்டும். பட்டா வருவாய்த் துறையின் கணக்கு. உரிமையைச் சொல்வது பத்திரம். இரண்டும் ஒத்துப்போகாத நிலத்துக்கு அட்வான்ஸ் வாங்கித் தரக் கூடாது என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி.

தொடவே கூடாத நிலங்களும் உண்டு. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்ததைத் தொடர்ந்து, 1892-ல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. பத்து வருடம் விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே சமூகத்தாருக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனையோடு கொடுத்த பஞ்சமி நிலம் அது. எத்தனை பத்திரம் மாறினாலும் அந்த நிபந்தனை அந்த நிலத்தைவிட்டுப் போகாது. 1950களில் வினோபா நடந்துபோய்க் கேட்டு வாங்கிய பூதான நிலமும் இந்த வகைதான். அதற்கென்றே 1958-ல் தனிச் சட்டம் இயற்றினார்கள். கோயில் நிலம், ஓடைப் புறம்போக்கு, நிபந்தனை ஒப்படை நிலம் என்று இந்த வரிசை நீளும். இவை பெரும்பாலும் ‘அ’ பதிவேட்டில் தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் பஞ்சமி நிலத்தை மலிவு விலை என்று தள்ளிவிடும் தரகனை நான் தரகன் என்று மதிப்பதில்லை. ஏழைக்கு அரசு கொடுத்த ஒரே சொத்தைப் பறிக்கக் கூட்டு நிற்கிறான் அவன்.

பிறகு ரோடு வந்தது. சேலம் போகும் பழைய ஏழாம் எண் நெடுஞ்சாலை நான்கு வழியாகி, எண்ணும் 44 என்று மாறியது. அதியமான்கோட்டையிலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் போகும் 844-ம் சேர்ந்துகொண்டது. மானாவாரியாகக் கேழ்வரகும் கொள்ளும் விளைந்த கொல்லைகளில் வெள்ளையும் மஞ்சளும் அடித்த கற்கள் முளைத்தன. ஏக்கர் பேச்சு சென்ட் பேச்சாகி, சென்ட் சதுர அடி ஆனது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பது ஆடு மேய்க்கும் பையனுக்கும் மனப்பாடம். தவணை முறையில் மனை, குலுக்கலில் தங்கக் காசு, பஞ்சாயத்து அப்ரூவல் என்று விளம்பரம் செய்து விற்றார்கள். 1971-ன் நகர் ஊரமைப்புச் சட்டம் இருந்தும், பல இடங்களில் ரோட்டுக்கும் பூங்காவுக்கும் காட்டிய இடம் வரைபடத்தோடு நின்றுபோனது. மாதம் மாதம் கட்டி மனை வாங்கியவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள், டிரைவர்கள், திருப்பூருக்கும் பெங்களூருக்கும் கட்டட வேலைக்குப் போனவர்கள்.

2016 செப்டம்பர் 9-ல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. நவம்பரில் பணமதிப்பிழப்பு. இரண்டும் சேர்ந்து எங்கள் தொழிலை ஒரே மழைக்காலத்தில் நிறுத்திவிட்டன. தரகர்கள் பலர் ஆட்டோ ஓட்டப் போனார்கள். 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்குள் விற்ற மனைகளுக்குக் கட்டணம் கட்டி வரன்முறை பெற வழி கிடைத்தது. அதே வருடம் ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்து, பதிவுக் கட்டணத்தை ஒன்றிலிருந்து நான்காக உயர்த்தினார்கள். 2023 ஜூலையில் பழைய மதிப்பைத் திரும்பக் கொண்டுவந்து கட்டணத்தை இரண்டாக்கினார்கள். முத்திரைத் தீர்வை ஏழு, பதிவு இரண்டு, மொத்தம் ஒன்பது. வருத்தப்பட்டாலும் தொழில் அந்தப் பதிவுத் தடையால் சுத்தமானது என்றே சொல்வேன். மனையைப் பற்றிக் கேள்வி கேட்க மக்கள் அப்போதுதான் பழகினார்கள்.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-ல் வந்தது. அதன் 9-ம் பிரிவு, பதிவு பெற்ற மனைப்பிரிவுகளிலும் குடியிருப்புகளிலும் விற்பனைக்கு நிற்கும் முகவர் தானும் பதிவு எண் வாங்க வேண்டும் என்கிறது. ஆனால் ஒரு குடியானவர் இன்னொரு குடியானவருக்கு விற்கும் விவசாய நிலத்தில் நிற்கும் தரகன் இந்தச் சட்டத்துக்கு வெளியே இருக்கிறான். நல்லம்பள்ளி மாதிரி ஊர்களில் கைமாறுவதில் பெரும்பகுதி அந்த நிலம்தான். எங்களையும் பதிவுக்குள் கொண்டுவர வேண்டும். கமிஷன் எவ்வளவு, யார் யார் தர வேண்டும் என்று எழுத்தில் இருந்தால், கிரயம் முடிந்ததும் போனை எடுக்காத ஆட்களிடம் கூலிக்கு நடக்கும் நிலைமையும் எங்களுக்கு வராது. ஒரே நிலத்துக்கு நாலு தரகர் நின்று ஆளுக்கொரு விலை சொல்லி, விற்பவருக்குத் தெரியாமல் நடுவில் ஏற்றி வைக்கும் பழக்கமும் குறையும்.

இப்போது இந்த வட்டத்தில் எல்லோரும் பேசுவது சிப்காட்டைத்தான். அதகப்பாடி, தடங்கம், பாலஜங்கமனஅள்ளி ஊர்களில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் தொழிற்பூங்கா வருகிறது. சிப்காட் பக்கம் என்று சொல்லி, அங்கிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கரட்டு நிலத்தையும் விலை ஏற்றுகிறார்கள். வந்துவிடும் என்று சொல்லப்படும் கம்பெனிக்காக நகையை அடகு வைத்து மனை வாங்காதீர்கள். அந்த மண்ணில் இன்றைக்கு என்ன இருக்கிறதோ அதற்குத்தான் விலை கொடுக்க வேண்டும்.

நிலம் வாங்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வில்லங்கத்தை இணையத்திலேயே காசில்லாமல் பார்க்கலாம். முப்பது வருடத்துக்குப் பாருங்கள். மூலப்பத்திரத்தைக் கையில் வாங்கிப் படியுங்கள். ‘அ’ பதிவேட்டு நகலும் புல வரைபடமும் எடுத்துக்கொண்டு, மழை பெய்த மறுநாள் நிலத்துக்குப் போய் நான்கு மூலையும் நடங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, வண்டி எந்த வழியாக வருகிறது என்பது அன்றைக்குத் தெரியும். பக்கத்துக் கொல்லைக்காரரிடம் பேசுங்கள். தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்பது 2012 டிசம்பரிலிருந்து சட்டம். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து மட்டும் போட்ட ஒப்பந்தத்தை நம்பி எந்தத் தரகரிடமும், என்னிடமும்கூட, அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.