ஒரு பெயரும் பல நோய்களும்

நாலு பேர் நடுவே பேசக் கூசும் பொருளொன்றை இன்று பேச எடுத்துக்கொண்டேன். பெண்களுக்கு உண்டாகும் வெள்ளைபடுதலும், அது ஆண் பெண் உறவினாலே தொற்றுவதுதானா என்ற ஐயமுமே அப்பொருள். நான் வைத்தியம் கற்றவளல்லேன். சரித்திரம் படிப்பித்து அதிபராயிருப்பவள். ஆயினும் இந்த ஐயத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதில் எங்கள் உடுவிலுக்கும் அதன் அயலூர்களுக்கும் ஒரு பங்கும் உண்டு.

சில ஆண்டுகளின் முன் ஒரு தாய் என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். மகளின் உடையிலே வெண்கறை கண்டாராம். “பிள்ளை ஆரோட பழகுது எண்டு சொல்லுங்கோ ரீச்சர்” என்று கேட்டு அழுதார். வைத்தியரிடம் அழைத்துச் செல்லும்படி வற்புறுத்தினேன். வைத்தியர் பார்த்தபோது நோயே இல்லை. பருவமெய்திய பெண்ணுக்கு இயல்பாய்ச் சுரக்கும் நீர்தான் அது. அதற்குள் இரண்டு கிழமை அந்தப் பிள்ளை தன் வீட்டிலேயே குற்றவாளியாய் இருந்துவிட்டது.

இந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது? ஒரு பெயரிலிருந்து வந்தது என்பேன். நம் நாட்டு வழக்கில் ‘வெள்ளை வெட்டை’ என்று இரண்டையும் சேர்த்தே சொல்வார்கள். வெட்டை என்பது உறவினால் தொற்றும் நோய். அதனோடு சேர்த்துச் சொல்லப்பட்டமையால் வெள்ளையும் அதன் பழியைச் சுமந்தது. இதற்காக நம் முன்னோரைக் குறைகூறல் முறையன்று. மேனாட்டிலும் கிரந்தியும் வெட்டையும் ஒரே நோயென்று கருதிய வைத்தியர் பலர் இருந்தனர். அவை வெவ்வேறு நோய்கள் என்று பிரான்சு நாட்டு வைத்தியர் ரிக்கோர் நிலைநாட்டியது 1838-இலேதான். கண்ணுக்குத் தெரியாத காரணங்களைப் பிரித்தறிய நுணுக்குக்காட்டி வேண்டியிருந்தது.

அந்தக் கருவி ஒவ்வொன்றாய்ப் பிரித்துக் காட்டியது. 1836-இல் பாரிசு நகரத்து டொன்னே என்பவர் பெண்களின் கசிவிலே அசையும் நுண்ணுயிரொன்றைக் கண்டார். திரைக்கோமோனாசு என்பது அதன் பெயர். 1879-இல் வெட்டையின் கிருமியை நைசர் கண்டறிந்தார். 1892-இல் டோடர்லைன் என்னும் ஜெர்மானிய வைத்தியர் வேறொன்றைக் கண்டார்: நலமுள்ள பெண்ணின் யோனியிலும் பற்றீரியா வாழ்கின்றது, அது அமிலத்தை உண்டாக்கிப் பிற கிருமிகளைத் தடுக்கின்றது. கிருமி என்றாலே பகை என்ற எண்ணம் அதனாலே திருத்தப்பட்டது.

இனி நம் ஊருக்கு வருவோம். உடுவிலிலே அமெரிக்க மிஷன் மகளிர் விடுதிப் பாடசாலை 1824-இல் தோன்றியது. அயலிலுள்ள மானிப்பாயிலே வைத்தியம் கற்பித்தவர் டொக்டர் சாமுவேல் கிறீன். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே சொல்ல முடியுமென்று நம்பினார். மோன்செல் எழுதிய பிரசவ வைத்திய நூல் 1857-இல் அவர் முயற்சியால் தமிழாயிற்று. பெண்ணின் உறுப்புகளைக் கூச்சமின்றித் தமிழிலே பெயரிட்டு அச்சேற்றிய காலம் அது. பின்னர் 1898-இல், உடுவிலை அடுத்த இணுவிலிலே பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென மக்லியொட் வைத்தியசாலை திறக்கப்பட்டது. மேரி, மார்கரெட் லீச் என்னும் சகோதரிகள் அதற்குப் பொருள் திரட்டினர். டொக்டர் இசபெல்லா கர் என்ற பெண் வைத்தியர் அங்கே நெடுங்காலம் பணிபுரிந்தார். ஆண் வைத்தியரிடம் வாய் திறக்க மறுத்த பெண்கள் இன்னொரு பெண்ணிடம் தம் துன்பத்தைச் சொல்ல வழி பிறந்தது.

எழுத்து வந்தது, நூல் வந்தது, வைத்தியசாலையும் வந்தது. ஆயினும் அந்தப் பழைய பெயரின் பழி மட்டும் போகவில்லை. ஆதலால் இன்றைய வைத்தியம் அறிந்ததைத் தெளிவாய்ச் சொல்லிவிடுகின்றேன். பெரும்பாலும் காணப்படும் நோய்கள் மூன்று.

முதலாவது, பங்கசினால் வருவது. தயிர்க்கட்டி போன்ற வெள்ளையும் கடும் அரிப்பும் இதன் குறிகள். இந்தப் பங்கசு பலருடைய உடலில் முன்னரே குடியிருப்பது. கர்ப்பகாலத்திலும், நீரிழிவு உள்ளபோதும், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உட்கொண்ட பின்னும் அது மிகுந்து பெருகும். இது பாலியல் நோயாகக் கொள்ளப்படுவதில்லை. இதற்கெதிரான நிசுற்றற்றின் என்ற மருந்தை 1950-இல் உலகுக்கு அறிவித்தோர் எலிசபெத் ஹேசன், றேச்சல் பிரௌன் என்னும் இரு பெண் விஞ்ஞானிகள் என்பது நினைக்கத்தக்கது.

இரண்டாவது, டோடர்லைன் கண்ட காவற் பற்றீரியா குறைந்து வேறு பற்றீரியா பெருகுவதால் வருவது. சாம்பல் நிறமான நீர்த்த கசிவும் மீன்வாடையும் உண்டாகும். 1955-இல் அமெரிக்காவிலே கார்ட்னரும் டியூக்சும் இதனைத் தனிநோயாக விவரித்தனர். உறவு கொள்வோரிடம் இது மிகுதியாயினும் பாலியல் நோய்ப் பட்டியலில் இது சேர்க்கப்படவில்லை. எனினும், கணவனுக்கும் சேர்த்து மருந்து கொடுத்தால் நோய் திரும்புவது குறைகின்றது என 2025-இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியது. பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்தவிடத்து நூற்றுக்கு 63 பேரிடமும், இருவருக்கும் கொடுத்தவிடத்து 35 பேரிடமும் 12 கிழமைக்குள் நோய் திரும்பிற்று. மருந்தைப் பங்கிடலாம், பழியைப் பங்கிட இடமில்லை.

மூன்றாவதான திரைக்கோமோனாசு மட்டும் உறவினாலே தொற்றுவது. 1959-இலிருந்து மெற்றோனிடசோல் என்ற மருந்து இதற்கு உண்டு; இருவரும் உட்கொள்ள வேண்டும். ஆனால் இங்கும் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லலாகாது. இக்கிருமி எவ்விதக் குறியும் காட்டாமல் மாதக்கணக்கில், சிலவேளை அதற்கு மேலும், ஆணிலோ பெண்ணிலோ தங்கியிருக்கும். இன்று கண்ட நோய் என்று, யாரிடமிருந்து வந்தது என்று அது சொல்லாது.

ஆகவே கறையைப் பார்த்து ஒழுக்கத்தை அளப்பது அறிவாகாது. நிறத்தையும் மணத்தையும் கொண்டு வீட்டிலே நோயைத் தீர்மானிப்பதும் பிழைபடும். வைத்தியர் பரிசோதித்தே சொல்ல இயலும். உள்ளே நீர் பாய்ச்சிக் கழுவுவது காவற் பற்றீரியாவை அகற்றித் தீமையே செய்யும். அடிவயிற்று நோ, காய்ச்சல், இரத்தங்கலந்த கசிவு, மாதவிடாய் நின்றபின் காணும் இரத்தம் என்பவற்றுக்குத் தாமதம் கூடாது. வெட்டையும் கிளமிடியாவும் கவனியாது விடப்பட்டால் பிள்ளைப்பேற்றைக் கெடுக்கவும் கூடும். வெட்கத்தால் இழக்கும் காலத்தின் விலை அது. அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களிலே இலவசமாகவும் இரகசியங் காத்தும் வைத்தியம் செய்கின்றனர். அங்கு போகக் கூசுவோர் தம் ஊர்க் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலிற் சொல்லலாம்.

தாய்மாருக்கு ஒரு சொல். மகள் வந்து “அம்மா, எனக்கு இப்படி இருக்கின்றது” என்று சொன்னால், யாரோடு பழகினாய் என்று கேளாதீர்கள். எப்போதிருந்து, நோகின்றதா, அரிக்கின்றதா என்று கேளுங்கள். அந்த முதற் கேள்வியைப் பொறுத்தே அவள் அடுத்த முறை உங்களிடம் வருவதும் வராததும் அமையும்.