இறந்தவர் ஆதனமும் இருப்பவர் ஒப்பமும்

1795ஆம் ஆண்டில் திருகோணமலைத் துறைமுகம் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டையிற் கொடி மாறியதேயன்றி நீதிமன்றத்திற் சட்டம் உடனே மாறவில்லை. 1799ஆம் ஆண்டுப் பிரகடனம் உரோமன் டச்சுச் சட்டத்தை நிலைநிறுத்தியது. வணிக விடயங்களில் ஆங்கிலச் சட்டம் பின்னர் வந்து சேர்ந்தது. இருவர் ஒப்பமிட்ட கடன் சீட்டில் இவ்விரு மரபுகளும் சந்திக்கின்றன.

கடன் பெற்றவர் இறப்பினும் கடன் இறப்பதில்லை. அது அவர் ஆதனத்தைப் பற்றி நிற்கும். ஆயினும் 1889ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின்படி, பெறுமதி மிக்க ஆதனத்தைப் பொறுப்பேற்க மாவட்ட நீதிமன்றம் நிருவாகி ஒருவரை நியமித்தல் வேண்டும். அதற்குக் காலம் செல்லும். 1871ஆம் ஆண்டுக் காலாவதிக் கட்டளைச் சட்டமோ எழுத்திலமைந்த கடனுக்கு ஆறாண்டுகளே அளிக்கின்றது. உடன் ஒப்பமிட்டவர் கண்முன்னே இருக்கின்றார். கடன் கொடுத்தவர் எவரை முதலில் நாடுவார் என்பது வெளிப்படை.

இங்கே ஒரு சொல்லின் வலிமை நோக்கத்தக்கது. ஆங்கிலேயரின் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றிய 1927ஆம் ஆண்டு உண்டியற் கட்டளைச் சட்டம், ‘நான் செலுத்துவேன்’ என்னும் சீட்டில் இருவர் ஒப்பமிடின் அவர்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாளிகள் எனக் கொள்கின்றது. ஆகவே ஆதனத்தின் மீதும் உயிருடனிருப்பவர் மீதும் வழக்குத் தொடரலாம்; ஒருவரிடமே முழுத் தொகையையும் கோரலாம். ‘நாங்கள்’ என எழுதியிருப்பின் அவ்வநுமானம் எழாது.

நட்பின் பொருட்டு ஒப்பமிட்டுக் கடனைத் தீர்த்தவர், அத்தொகையை ஆதனத்திலிருந்து மீட்க உரிமையுடையர். ஆனால் மீனவர் ஒருவரின் ஆதனம் ஒரு தோணியும் வலையுமேயாயின் அவ்வுரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும். மரணத்தின் சுமையை எவர் தாங்குவது என்னும் வினாவிற்கு, கடன் கொடுத்தவர் எழுதி நீட்டிய சீட்டே முன்கூட்டி விடை கூறிவிடுகின்றது.