கருப்பட்டி

கருப்பட்டி என்பது பனை மரத்தின் பாளையிலிருந்து இறக்கப்படும் பதநீரைக் காய்ச்சிப் பாகாக்கி, அச்சில் ஊற்றி இறுகச் செய்து பெறப்படும் கரும்பழுப்பு நிற இனிப்புக் கட்டி ஆகும். இது பனங்கருப்பட்டி, பனைவெல்லம் எனவும், இலங்கையில் பனங்கட்டி எனவும் அழைக்கப்படுகிறது. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலும் இலங்கையின் வட பகுதியிலும் வெள்ளைச் சீனி பரவலாவதற்கு முன்னர் அன்றாட இனிப்பாக விளங்கியது இதுவே. அண்மைக் காலத்தில் உடல்நலத்திற்கு உகந்த மாற்று இனிப்பு என்னும் பெயரில் நகரங்களிலும் கூடுதல் விலைக்கு விற்கப்படுகிறது. இவ்வெண்ணத்தில் ஒரு பகுதியே உண்மை. கருப்பட்டி சீனியைப்போலத் தூய்மிக்கப்படாதது. ஆயினும் அதன் பெரும்பகுதி, சீனியில் உள்ள அதே சுக்குரோசுதான்.

பெயர்

கருப்புக்கட்டி என்பதே கருப்பட்டி என மருவியது. இதில் உள்ள 'கருப்பு' நிறத்தைக் குறிப்பதாகப் பொதுவாகக் கொள்வர். எனினும் கரும்பு என்னும் சொல் தொகைச்சொற்களில் 'கருப்பு' எனத் திரிவதும் உண்டு (எடுத்துக்காட்டு: கருப்பஞ்சாறு). திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பகுதிகளில் அடைமொழி இன்றிக் கருப்பட்டி என்றால் அது பனையிலிருந்து பெறப்பட்டதையே குறிக்கும். கரும்புச் சாற்றிலிருந்து செய்யப்படுவது வெல்லம் ஆகும். தென்னையின் பதநீரிலிருந்து தென்னங்கருப்பட்டியும், இலங்கையில் கித்துள் எனப்படும் கூந்தற்பனையிலிருந்து கித்துள் கருப்பட்டியும் செய்யப்படுகின்றன.

செய்முறை

தை, மாசி மாதங்களில் பனையில் பாளைகள் வெளிவரத் தொடங்கும். ஆடி வரை பதநீர் கிடைக்கும். ஆண்பனை, பெண்பனை இரண்டிலிருந்தும் பதநீர் இறக்கலாம். பாளையை இடுக்கி நசுக்கிப் பதப்படுத்தி, அதன் நுனியை நாள்தோறும் மெல்லியதாகச் சீவிவிட்டு, சொட்டும் சாற்றைக் கலயத்தில் சேகரிப்பர். இதற்காக ஒரே மரத்தில் காலையும் மாலையும் ஏற வேண்டியிருக்கும்.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவப்படுகிறது. பாளையிலிருந்து வடியும் சாறு காற்றில் உள்ள நொதியங்களால் சில மணி நேரத்திலேயே புளித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மை உடையதாக மாற்றி நொதித்தலைத் தடுக்கிறது. சுண்ணாம்பு குறைந்தால் சுக்குரோசு உடைந்து குளுக்கோசாகவும் புருக்டோசாகவும் மாறும். அத்தகைய பதநீரை எவ்வளவு காய்ச்சினாலும் கட்டி சரியாக இறுகாது. இறுகினாலும் விரைவில் ஈரம் ஏறி இளகும். சுண்ணாம்பு மிகுந்தால் சுவை கெடும். ஆகவே கருப்பட்டியின் தரம் அடுப்பில் அன்றி, மரத்தின் உச்சியிலேயே பெரிதும் முடிவாகிவிடுகிறது எனலாம்.

வடிகட்டிய பதநீர் அகன்ற பாத்திரத்தில் சில மணி நேரம் காய்ச்சப்படுகிறது. பனை ஓலையும் மட்டையும் விறகாகின்றன. பொங்கி வழியும் நுரையை அடக்க, இடித்த ஆமணக்கு விதையைச் சிறிது இடுவது வழக்கம். பாகின் பதத்தை அறிய, சில துளிகளைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பர். உரிய பதத்தில் இறக்கிக் கிண்டி, தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றுவர். தென்மாவட்டக் கருப்பட்டி அரைக்கோள வடிவில் இருப்பதற்கு இதுவே காரணம். யாழ்ப்பாணத்தில் பனையோலையால் முடைந்த சிறு குட்டான்களில் பாகை ஊற்றி இறுகச் செய்கின்றனர். ஒரு கிலோகிராம் கருப்பட்டிக்கு ஏறக்குறைய 8 முதல் 10 லிட்டர் பதநீர் தேவைப்படும்.

சுக்கு, ஏலக்காய், மிளகு முதலியன சேர்த்துச் சிறு துண்டுகளாக வார்க்கப்படுவது சில்லுக்கருப்பட்டி ஆகும். பனங்கற்கண்டு வேறு வகையானது. பாகை இறுகும் பதத்திற்கு முன்பே இறக்கி, நூல்கள் கட்டிய கலன்களில் ஒரு மாதத்திற்கும் மேலாக அசையாமல் வைத்து, படிகங்களாக விளையச் செய்து எடுப்பர். படிகமாகும்போது சுக்குரோசு பிரிந்து சேர்வதால், தாதுக்கள் பெரும்பாலும் எஞ்சிய பாகிலேயே தங்கிவிடுகின்றன. எனவே வேதியியல் நோக்கில், கருப்பட்டியைவிடப் பனங்கற்கண்டே வெள்ளைச் சீனிக்கு நெருக்கமானது. கருப்பட்டியினும் உயர்ந்த மருந்துப்பொருளாக அது மதிக்கப்படுவதையும், அதற்கேற்ற விலை பெறுவதையும் இதனுடன் சேர்த்துக் கருத வேண்டும்.

உட்கூறுகள்

கருப்பட்டியின் எடையில் முக்கால் பங்கிற்கும் மேற்பட்டது சுக்குரோசு. எஞ்சியவை சிறிதளவு குளுக்கோசு, புருக்டோசு, நீர், தாது உப்புகள், மற்றும் காய்ச்சும்போது உண்டாகும் நிறமும் மணமும் தரும் சேர்மங்கள் ஆகும். ஒரு கிராம் சீனி ஏறக்குறைய 4 கிலோகலோரி ஆற்றலைத் தருகிறது. நீரும் தாதுக்களும் கலந்திருப்பதால் கருப்பட்டியில் இது சற்றுக் குறைவு. ஆனால் அந்த வேறுபாடு உணவளவில் பொருட்படுத்தத் தக்கதன்று.

கருப்பட்டியில் சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து, பொட்டாசியம் ஆகியன உள்ளன என்பது உண்மையே. வெள்ளைச் சீனியில் இவை அறவே இல்லை எனலாம். எனினும் இரண்டு செய்திகளை நினைவிற்கொள்ள வேண்டும். முதலாவது, இதிலுள்ள சுண்ணாம்புச்சத்தின் ஒரு பகுதி பனை தந்ததன்று. கலயத்தில் தடவிய சுண்ணாம்பிலிருந்து வந்தது. இரண்டாவது, சத்து அட்டவணைகள் 100 கிராமுக்கே அளவு கூறுகின்றன. ஒருவர் ஒரு வேளைக்கு உண்பது 10 கிராம் எனில், அட்டவணையில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கே கிடைக்கும். இரும்புச்சத்து வேண்டி 100 கிராம் கருப்பட்டி உண்பவர், அதனுடன் 75 கிராமுக்கும் மேற்பட்ட சர்க்கரையையும் உண்கிறார். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகைகள் ஆகியன இச்சத்துகளைச் சர்க்கரையின் சுமையின்றித் தருகின்றன.

நீரிழிவும் கருப்பட்டியும்

நீரிழிவு உள்ளோர் கருப்பட்டியைத் தயக்கமின்றி உண்ணலாம் என்னும் கருத்து பரவலாக உள்ளது. இது தீங்கு விளைவிக்கக்கூடிய தவறான கருத்து. சுக்குரோசு பனையிலிருந்து வந்ததா, கரும்பிலிருந்து வந்ததா என்பதைக் குடல் வேறுபடுத்துவதில்லை. இரண்டும் குளுக்கோசாகவும் புருக்டோசாகவும் பிரிக்கப்பட்டே குருதியில் சேர்கின்றன.

இக்கருத்திற்கு ஆதரவாகப் பெரும்பாலும் கூறப்படுவது சர்க்கரை உயர்த்தல் குறியீடு ஆகும். ஓர் உணவு குருதியின் குளுக்கோசை எவ்வளவு விரைவாக உயர்த்துகிறது என்பதைக் காட்டும் இவ்வெண், குளுக்கோசுக்கு 100 எனவும் வெள்ளைச் சீனிக்கு ஏறக்குறைய 65 எனவும் கொள்ளப்படுகிறது. 'பனைச் சர்க்கரை'க்கு 35 என விளம்பரங்களில் காணப்படும் எண், பிலிப்பீன்சில் தென்னஞ் சர்க்கரையை ஆய்ந்து பெறப்பட்டதாகும். அதே தென்னஞ் சர்க்கரைக்கு ஆத்திரேலியாவின் சிட்னிப் பல்கலைக்கழகம் தந்த எண் 54. ஒரே பொருளுக்கே இவ்வளவு வேறுபாடு இருக்க, வேறொரு மரத்தின், வேறொரு முறையில் காய்ச்சிய கட்டிக்கு அவ்வெண்ணைப் பொருத்துவது முறையன்று. மேலும் குறியீடு குறைவாக இருந்தாலும், உண்ணும் அளவு கூடினால் பயன் ஏதுமில்லை.

உலக சுகாதார அமைப்பு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உணவில் சேர்க்கப்படும் சர்க்கரைகள் ஒரு நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டிற்கும் குறைவாக இருத்தல் வேண்டும். 5 விழுக்காட்டிற்கும் குறைவாக இருப்பது மேலும் நன்று. நாளொன்றுக்கு 2000 கிலோகலோரி உண்பவருக்கு இவை முறையே 50 கிராமும் 25 கிராமும் ஆகும். சமைப்பவரோ உண்பவரோ சேர்க்கும் எல்லாச் சர்க்கரையும், தேனிலும் பழச்சாற்றிலும் இயல்பாக உள்ள சர்க்கரையும் இக்கணக்கில் அடங்கும். ஆகவே கருப்பட்டிக்கு விலக்கு இல்லை. ஆற்றல் தராத செயற்கை இனிப்புகளை நாடுவோரும் உளர். உடல் எடையைக் கட்டுப்படுத்தும் நோக்கில் அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என இதே அமைப்பு 2023-இல் பரிந்துரைத்தது. இப்பரிந்துரை ஏற்கெனவே நீரிழிவு உள்ளோருக்கு உரியதன்று.

முன்னோர் கருப்பட்டி உண்டு நலமாக வாழ்ந்தனர் என்னும் வாதமும் உண்டு. அவர்கள் உண்ட அளவையும், உண்டபின் செய்த உடலுழைப்பையும் விட்டுவிட்டுக் கருப்பட்டியை மட்டும் எடுத்துக்கொள்வது அவ்வாதத்தின் குறை. சிறுநீரக நோயுள்ளோர் இதிலுள்ள பொட்டாசியத்தின் பொருட்டும் மருத்துவரின் கருத்தைக் கேட்டறிதல் வேண்டும்.

உண்ணும் முறைகள்

கருப்பட்டியின் நன்மையை அதன் உட்கூறுகளில் தேடுவதைவிட, அது மரபாக உண்ணப்பட்ட முறைகளில் தேடுவது பொருத்தமானது. யாழ்ப்பாணத்தில் வெறுந்தேநீரில் இனிப்பைக் கலக்காமல், பனங்கட்டியைச் சிறிது கடித்துக்கொண்டு தேநீரைப் பருகும் வழக்கம் உண்டு. இனிப்பு நேரே நாவில் படுவதால் சிறு துண்டு ஒன்றுடனேயே ஒரு கோப்பை முடிந்துவிடும். அதே தேநீரில் இரண்டு தேக்கரண்டி சீனி கலந்தால் ஏறக்குறைய 8 கிராம் சேரும். அது உள்ளே செல்வதும் தெரியாது. கருப்பட்டியின் கடுமையான மணமும் இலேசான கரிப்பும் அதனை மிகுதியாக உண்ணவிடாமல் தடுக்கின்றன. வெள்ளைச் சீனியில் அத்தகைய தடை இல்லை.

அவித்து உலர்த்திய பனங்கிழங்காகிய புழுக்கொடியலைத் தேங்காய்ச் சொட்டுடனும் பனங்கட்டியுடனும் மென்று தின்பதும் அவ்வூர் வழக்கமே. நார்ச்சத்து மிகுந்த கிழங்கை மெல்ல நேரம் பிடிப்பதால் சிறிதளவு இனிப்பே போதுமானதாகிறது. தென்மாவட்டங்களில் பூப்பெய்திய பெண்களுக்கு உளுந்தமா, கருப்பட்டி, நல்லெண்ணெய் சேர்த்துக் கிண்டிய உளுந்தங்களி அளிக்கப்படுகிறது. வெந்தயக்களி, பாசிப்பயற்றுக் கஞ்சி, எள்ளுருண்டை ஆகியவற்றிலும் பருப்பு, வித்து ஆகியவற்றின் புரதமும் கொழுப்பும் இனிப்புடன் சேர்ந்து வருவதால், சர்க்கரை குருதியில் சேரும் விரைவு குறைகிறது. சுக்கு, மல்லி, மிளகு தட்டிப்போட்ட கருப்பட்டிக் காப்பி பெரும்பாலும் பாலின்றியே அருந்தப்படும். கொதிக்கும் பாலில் கருப்பட்டியைச் சேர்த்தால் பால் திரிந்துவிடக்கூடும். அடுப்பிலிருந்து இறக்கியபின் சேர்ப்பதே வழக்கம்.

கருப்பட்டியின் பெயரைத் தாங்கியவை எல்லாம் இவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் புகழ்பெற்ற கருப்பட்டி மிட்டாய், அரிசி-உளுந்து மாவை எண்ணெயில் பிழிந்து பொரித்துப் பாகில் ஊறவைக்கப்படுவது. சுவையில் சிறந்ததாயினும், அதனை நலம்தரும் தின்பண்டம் எனக் கூற இயலாது. கருப்பட்டி அணிச்சல், கருப்பட்டிப் பனிக்கூழ் ஆகியனவும் அவ்வாறே. பதநீரிலும் பத்தில் ஒரு பங்கிற்கும் மேல் சர்க்கரை உள்ளது. 200 மில்லிலிட்டர் பருகினால் 20 கிராமுக்கும் மேற்பட்ட சர்க்கரை உட்செல்லும். மேற்கூறிய 25 கிராம் வரம்பு ஒரே குவளையில் ஏறக்குறைய நிரம்பிவிடும். பனை தரும் இனிப்புகளுள் சர்க்கரைச் செறிவு மிகக் குறைந்தது இளநுங்கே. அதன் பெரும்பகுதி நீர்.

கலப்படம்

பதநீர் குறைவாகவும் விலை மிகுதியாகவும் இருப்பதால், காய்ச்சும்போது வெள்ளைச் சீனி கலக்கப்படுவது உண்டு. உணவுப் பாதுகாப்புத் துறையினர் இத்தகைய ஆலைகளில் சோதனை நடத்திச் சீனி மூட்டைகளைக் கைப்பற்றியுள்ளனர். கடித்துப் பார்த்தல், தண்ணீரில் கரைத்துப் பார்த்தல், உடைத்து உட்புறத்தின் பளபளப்பை நோக்கல் எனப் பல வீட்டுச் சோதனைகள் கூறப்பட்டாலும், அவற்றுள் எதுவும் உறுதியானதன்று. இரண்டிலும் இருப்பது ஒரே சுக்குரோசு என்பதே காரணம். ஆய்வகத்தில் கரிம ஓரிடத்தான்களின் விகிதத்தைக் கொண்டு இதனைக் கண்டறியலாம். கரும்பும் பனையும் ஒளிச்சேர்க்கையில் வெவ்வேறு வழிகளில் கரிமத்தை நிலைநிறுத்துவதால், அவற்றின் சர்க்கரைகளில் கனமான கரிமத்தின் விகிதம் வேறுபடுகிறது. தேனில் கரும்புச் சர்க்கரை கலந்துள்ளதா என அறியவும் இம்முறையே பயன்படுகிறது.

தொழில்

மரம் ஏறுதல் ஆண்களின் வேலையாகவும், புகைக்கும் அனலுக்கும் இடையே அமர்ந்து காய்ச்சுதல் பெரும்பாலும் பெண்களின் வேலையாகவும் இருந்து வந்துள்ளது. மரத்திலிருந்து தவறி விழுந்து உயிரிழத்தலும் உறுப்பிழத்தலும் இத்தொழிலில் நேர்வன. இளந்தலைமுறையினர் இதனை விட்டு விலகியதால் மரம் இருந்தும் ஏறுவார் இல்லாத நிலை பல ஊர்களில் காணப்படுகிறது. தூத்துக்குடி மாவட்டத்தின் உடன்குடி இத்தொழிலின் முதன்மை இடங்களுள் ஒன்று; உடன்குடிப் பனங்கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றுள்ளது.

1934-இல் காந்தி நிறுவிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம், கள் இறக்குவோருக்கு மாற்றுத் தொழிலாகப் பனைவெல்ல உற்பத்தியை ஊக்குவித்தது. இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை 1978-இல் அமைக்கப்பட்டது. பின்னர் நிகழ்ந்த போரில் வட, கிழக்குப் பகுதிகளில் பெருமளவு பனைகள் அழிந்தன. தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை உள்ளது. பதநீர் இறக்கத் தடை இல்லை. இரண்டையும் பிரிப்பது கலயத்தில் தடவிய சுண்ணாம்பு ஒன்றே ஆகையால், பதநீர் இறக்குவோரும் காவல்துறையின் ஐயத்திற்கு உள்ளாவதாகத் தொழிலாளர் தரப்பில் முறையிடப்பட்டு வந்துள்ளது. 2021-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனைகளை வெட்ட மாவட்ட ஆட்சியரின் ஒப்புதல் கட்டாயமாக்கப்படும் எனவும், நியாயவிலைக் கடைகளில் கருப்பட்டி விற்கப்படும் எனவும் அறிவிக்கப்பட்டது.